மிதிக்காத கால்

என் காலுக்கு இருக்கிற மரியாதை எனக்குக் கிடையாது. சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிற ஒரு விதவையைத் தேடி யார் வரப்போகிறார்கள்? என் காலைத் தேடித்தான் வருவார்கள். தலை முந்தாமல் கால் முந்திப் பிறந்தவள் நான். பிழைக்காது என்று நினைத்துப் பெயர்கூட வைக்காமல் பாப்பா என்று கூப்பிட்டார்கள். தலை நரைத்த பிறகும் அதுவே பெயராக நின்றுவிட்டது.

முதுகு பிடித்துக்கொண்டாலும் இடுப்பு சுளுக்கிக்கொண்டாலும் காலால் பிறந்தவர்கள் மிதித்தால் விட்டுவிடும் என்பது எங்கள் சனங்களின் நம்பிக்கை. தோட்டத்தில் முதுகு வலிக்காதவர் யார்? காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் பால் வாளியைத் தொங்கவிட்டு, தோளில் வைத்து ஸ்டோர் வரைக்கும் நடக்கிற அத்தனை பேருக்கும் வலிக்கும். செவ்வாயும் வெள்ளியும் விடிவதற்குள் என் வாசலில் வந்து குப்புறப் படுத்துக்கொள்வார்கள். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு ஆள் கூடுவதற்குள் எல்லோரையும் மிதித்து முடித்துவிட்டு நானும் என் வாளியைத் தூக்க வேண்டும். எனக்கு முட்டி வலிக்கிறது என்று சொன்னால் சிரிப்பார்கள். இதற்குக் காசும் வாங்கக் கூடாது. வாங்கினால் கால் பலிக்காதாம். யார் கண்டுபிடித்த சட்டமோ, அவன் நிச்சயமாகக் காலால் பிறந்தவனில்லை.

அதனால் தஞ்சோங் ரம்புத்தான் பக்கத்துத் தோட்டத்தில் ஒருத்திக்கு முதுகு பிடித்துக் கிடக்கிறது, வந்து மிதித்துவிட வேண்டும் என்று சீனி வந்து சொன்னபோது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சீனி எங்கள் தோட்டத்துக்கு மாட்டு வண்டியில் அரிசி கொண்டுவருகிறவன். அவனுக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரர்கள் உண்டு.

“அவ்வளவு தூரத்துல ஒரு காலும் கெடைக்கலியா? இங்கேருந்து நான் ரயிலேறிப் போவணுமா?” என்றேன்.

“இருந்துச்சுக்கா. அந்தத் தோட்டத்துல கால் முந்திப் பொறந்தது ஒருத்திதான். அவளுக்குத்தான் இப்ப முதுகு புடிச்சிருக்கு.”

ஊர் முதுகையெல்லாம் மிதித்தவள், தன் முதுகை மிதிக்க ஆளில்லாமல் படுத்திருக்கிறாள். நாளைக்கு எனக்கும் இதே கதிதானே என்று நினைத்துக்கொண்டேன். கங்காணியிடம் கெஞ்சி லீவு வாங்கி, ஒரு புடவையை மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ரயிலில் காம்பார் தாண்டியதும் ஈயம் தோண்டிய குட்டைகளில் பட்ட வெயில் கண்ணில் அடித்தது. ஈப்போவில் கூட்டம் ஏறி என் காலை மிதித்தது. ஊரெல்லாம் கும்பிடுகிற காலை அன்றைக்கு யாரும் பார்க்கக்கூட இல்லை.

தஞ்சோங் ரம்புத்தானில் இறங்கியபோது அவளுடைய புருஷன் நின்றிருந்தான். பெயர் அப்பாவு. ஒட்டிப்போன கன்னம், சவரம் செய்யாத முகம். என் மூட்டையை வாங்கிக்கொண்டான். ஆனால் நடக்கவில்லை. ஸ்டேஷனுக்கு வெளியே இருந்த மரத்தடியைக் காட்டினான்.

“அக்கா, செத்த உக்காருங்க. வீட்டுக்குப் போறதுக்கு முந்தி ஒன்னு சொல்லணும்.”

உட்கார்ந்தேன். அவன் நின்றுகொண்டே சொன்னான்.

“நீங்க அவளை மிதிக்கக் கூடாதுக்கா.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் மூட்டையை அவன் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன். “பின்னே எதுக்குய்யா ஆளனுப்புனே? கோயில் திருவிழாவுக்கா வந்திருக்கேன்?”

“ஆளனுப்புன பிற்பாடுதான் எனக்கே தெரிஞ்சுது” என்றான். அப்புறம் சிறிது சிறிதாகச் சொன்னான். அவன் சொன்னதை நான் சுருக்கிச் சொல்கிறேன்.

அவன் மனைவி நல்லம்மாளுக்குப் போன வருஷம் இடது மார்பில் ஒரு கட்டி வந்தது. வலியில்லாத கட்டி, அதனால் அவளும் யாரிடமும் சொல்லவில்லை. தோல் சுருங்கி உள்ளே இழுத்துக்கொண்ட பிறகுதான் அவன் கண்ணில் பட்டது. ஈப்போ ஆஸ்பத்திரியில் மார்பை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். அவள் முடியாது என்றுவிட்டாள். ஒரு பிள்ளைகூட வயிற்றில் தங்காமல் போனவள், இதையும் எடுத்துவிட்டால் நான் என்ன பொம்பளை என்று அழுதிருக்கிறாள். இவன் நாள் கணக்கில் அவளிடம் மன்றாடியிருக்கிறான். அறுத்து எடுத்துவிட்டால் அதோடு போச்சு, மாரியம்மன் மேல் ஆணை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறான். அந்தச் சத்தியத்தை நம்பித்தான் அவள் போய்ப் படுத்தாள்.

புண் ஆறியது. அவள் மறுபடி பால் வெட்டப் போனாள். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் இரண்டு பேரும் இருந்தார்கள். பிறகு முதுகு பிடித்தது.

“அவ என்னா சொல்றான்னா, ஒரு பக்கம் மாரு போயிடுச்சு, அந்தப் பக்கம் கனம் கொறைஞ்சு காண்டாக் கம்பு ஒரு சாய்வா இழுக்குது, அதான் முதுகு கோணிக்கிட்டுப் புடிச்சிருக்குன்னு. எனக்கும் நெசமாத்தான் பட்டுச்சு. உங்களுக்கு ஆளனுப்புனேன். வலி தாங்காம கத்துனதும் வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனேன். டாக்டரு வெரலால முதுகெலும்பை ஒவ்வொன்னா அமுக்கிப் பாத்தாரு. மருந்து கட்டுற டிரெசரு வந்து எங்கிட்டத் தமிழ்ல சொன்னாரு. முதுகெலும்பை நோய் தின்னுடுச்சாம். ஆள் கனம் பட்டா நொறுங்கிடும், ரெண்டு காலும் வெளங்காமப் போயிடும்னாரு.”

“எந்த நோய்?”

“மாருல இருந்ததுதான்.”

“அதைத்தான் அறுத்தாச்சே.”

“நானும் அதைத்தான் கேட்டேன்” என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தான்.

அவளிடம் சொன்னாயா என்றேன். இல்லை என்று தலையாட்டினான். ஆஸ்பத்திரியிலேயே படுக்கச் சொன்னார்களாம். சுங்காயிலிருந்து கால் வருகிறது, மிதித்தால் எழுந்துவிடுவேன், எதற்கு ஆஸ்பத்திரி என்று அவள் பிடிவாதமாக வீட்டுக்குத் திரும்பிவிட்டாளாம்.

“அறுத்தா போயிடும்னு சத்தியம் பண்ணுனவன் நான். இப்ப அதே முதுகுக்கு வந்துடுச்சுன்னு எந்த வாயால சொல்றது? நீங்க ஒன்னு செய்யுங்க. மிதிக்கிற மாதிரி காலை மட்டும் வைங்க. கனம் வைக்காதீங்க. மிதிச்சாச்சுன்னு அவ மனசாவது ஆறட்டும். அப்புறம் எப்படியாச்சும் பேசி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுறேன்.”

“அவளும் மிதிக்கிறவதானய்யா. அவளுக்குத் தெரியாதா?”

“வலி மயக்கத்துல இருக்கா. தெரியாதுக்கா.”

எனக்கு அலுப்பாக இருந்தது. உட்கார்ந்து வந்த உடம்பு எழுந்து சண்டை போட மறுத்தது. திரும்பிப் போக ரயில் சாயங்காலம்தான். சரி என்றேன். சரியான முடிவு என்று நினைத்துச் சொல்லவில்லை, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் சொன்னேன்.

சடக்கு ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்து, ரப்பர் மரங்களுக்குள் புகுந்து தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் போனோம். நல்லம்மாள் பலகைமேல் சாக்கு விரித்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நல்ல உயரம். ஒரு காலத்தில் தாட்டியாக இருந்திருப்பாள், இப்போது எலும்புமேல் தோல்தான் இருந்தது. என்னைப் பார்த்ததும் அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து நான் வந்த வழியே ஓடிவிட நினைத்தேன்.

“வாக்கா. வந்துட்டியா” என்றாள். சொந்த அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டாள். “எந்தக் காலு உனக்கு முந்துச்சு?”

“வலது.”

“எனக்கு இடது. எங்கம்மா சொல்லும், ஒரு கால வெளிய விட்டுட்டு நான் வரலாமா வேணாமான்னு ரொம்ப நேரம் யோசிச்சேனாம்.” சிரித்தாள். சிரித்ததும் வலி வந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

தொழில் பேச்சு பேசினோம். அவளுக்கும் என்னைப்போல முட்டி வலிக்குமாம். அவளுடைய கங்காணி தன் முதுகை மட்டும் தனியாக வீட்டுக்கு வந்து மிதிக்கச் சொல்வானாம். ஒருமுறை வேண்டுமென்றே குதிகாலால் மிதித்தாளாம், அதற்குப்பிறகு கூப்பிடவில்லையாம். வாழ்நாளில் இந்தக் காலைப்பற்றி இப்படிப் பேச எனக்கு ஒருத்தி கிடைத்ததில்லை. வேறு ஒரு நாளில் இவளைப் பார்த்திருக்கக் கூடாதா என்று மனது அடித்துக்கொண்டது.

“எம்மரமெல்லாம் இப்ப வேற ஆளு வெட்டுது. பட்டையைக் கொதறி வைப்பாங்க. நீ மிதிச்சுட்டா வெள்ளிக்கிழமை நான் பெரட்டுக்கு நின்னுருவேன்” என்றாள்.

அப்பாவு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்றான்.

அவளைக் குப்புறத் திருப்ப நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பாடுபட்டோம். திருப்பும்போது ரவிக்கை விலகி, மார்பு இருந்த இடம் தெரிந்தது. தட்டையாக, அக்குள்வரைக்கும் ஒரு நீளத் தழும்பு. நன்றாகத்தான் ஆறியிருந்தது. அதைப் பார்த்தால் யாரும் நோய் போய்விட்டது என்றுதான் சொல்வார்கள். நானும் சொல்லியிருப்பேன்.

கால் கழுவினேன். கிழக்கே பார்த்துக் கும்பிட்டேன். வலது காலை அவள் கழுத்துக்குக் கீழே வைத்தேன். வைத்தேன் என்பதுகூடப் பொய், தொட்டேன். என் உடம்பின் கனமெல்லாம் இடது முட்டியில் நின்று, அந்த முட்டி நடுங்கியது. பாதத்தை இடுப்புவரை மெல்ல இழுத்தேன். சூடான முதுகு. எலும்பு ஒவ்வொன்றும் பாதத்துக்குத் தெரிந்தது.

“மிதிக்கா” என்றாள்.

மறுபடி மேலேயிருந்து இழுத்தேன்.

“நல்லா மிதிக்கா. நான் தாங்குவேன்.”

இன்னொரு முறை இழுத்தேன். அவள் முகத்தைச் சாக்கில் வைத்தபடியே சொன்னாள்.

“நீ மிதிக்கல.”

நான் காலை எடுத்துவிட்டேன்.

“எத்தினி முதுகுல ஏறியிருக்கேன். கனம் வச்ச காலும் வைக்காத காலும் எனக்குத் தெரியாதா? அவ்ளோ தூரத்துலேருந்து வந்து ஏன்க்கா என்னை ஏமாத்துற?”

அதில் கோபம் இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். களைப்புதான் இருந்தது. என்னால் அதைத் தாங்க முடியவில்லை. வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

“அப்பாவு, இங்க வா. நீ சொல்றியா, நான் சொல்லவா?”

அவன் வந்தான். அவள் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்தான். முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டாம் என்பதால் அவள் குப்புறக் கிடந்தது அவனுக்கு வசதியாகப் போயிற்று.

“மிதிக்கக் கூடாதுன்னு டாக்டரு சொன்னாரு. முதுகெலும்பு உள்ளுக்குள்ள அரிச்சுப் போயிருக்காம். மிதிச்சா ஒடைஞ்சுரும்.”

“ஏன் அரிக்குது? காண்டாக் கம்பு இழுத்துதானே புடிச்சுக்கிச்சு?”

“கம்பு இல்ல. மாருல இருந்துச்சே, அது.”

“அது ஆஸ்பத்திரியிலல்ல கெடக்கு” என்றாள். “மாரு முன்னால இருக்கு, முதுகு பின்னால இருக்கு. நடுவுல நெஞ்சு இருக்கு. எப்படிய்யா வரும்?”

டிரெசர் சொன்னதை அவன் திரும்பத் திரும்பத் தனக்குள் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். நிறுத்தி நிறுத்திச் சொன்னான். கட்டி ஒரே இடத்தில் சும்மா இருக்காதாம். கண்ணுக்குத் தெரியாத பொடியாக அதிலிருந்து உதிருமாம். அக்குளில் நெறி கட்டுகிற இடங்களில் முதலில் போய்த் தங்குமாம். ரத்தத்தோடு கலந்து உடம்பு முழுக்கச் சுற்றுமாம். சுற்றுவதில் பெரும்பாகம் செத்துப்போகுமாம். ஏதாவது ஒன்று எலும்பிலோ ஈரலிலோ இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டால், அங்கேயே வளருமாம். வளர்வது வெளியே தெரியாதாம். மாதக் கணக்கில், வருஷக் கணக்கில்கூட ஒன்றும் தெரியாமல் இருக்குமாம்.

“முதுகுல இருக்கிறது வேற நோய் இல்லியாம். மாருல இருந்த அதேதானாம். எடம் மாறியிருக்கு, அவ்வளவுதான்.”

“எப்ப போச்சு?”

அவன் சாக்கின் ஓரத்து நூலைப் பிரித்தான்.

“ஏய்யா, எப்ப போச்சு? அறுத்ததுக்குப் பொறவா, முந்தியா?”

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவன் ஸ்டேஷனில் என்னை உட்காரவைத்தான் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. பின்னால் போயிற்று என்று ஒரு பொய் சொல்லிவிடு என்று மனதுக்குள் நானே அவனைக் கெஞ்சினேன். அவன் சொல்லவில்லை.

“முந்தியே போயிருக்கும்னாரு.”

லயத்துக்கு வெளியே யாரோ கோழியை விரட்டினார்கள். அவள் முதுகு மூச்சில் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுவாள் என்று நினைத்தேன்.

“அப்ப எதுக்குய்யா அறுத்தாங்க?”

“அறுக்காம உட்டிருந்தா புண்ணாகி ஒழுகியிருக்குமாம். அதுவும் இதுவும் சேர்ந்திருக்குமாம்.” அப்புறம் அவன் குரல் உடைந்துவிட்டது. “எனக்குத் தெரியலடி. போயிடும்னு நெனச்சேன். வெட்டி எடுத்தா எதுவும் போயிடும்னுதான் எனக்குத் தெரியும். அதுக்கு மேல எனக்கு என்னாடி தெரியும்?”

அவள் ஒரு கையைப் பின்னால் நீட்டினாள். அது அவன் முழங்காலில் பட்டது. தட்டிக்கொடுத்தாளா, தள்ளினாளா என்று எனக்குத் தெரியவில்லை. கை அங்கேயே கிடந்தது.

“பாப்பாக்கா, நின்னுக்கிட்டே இருக்கியே. உக்காரு. அலமாரிக்குப் பின்னால வெத்தலை இருக்கு” என்றாள்.

வெற்றிலை எடுத்து வந்து உட்கார்ந்தேன். போடவில்லை. மடியில் வைத்துக்கொண்டேன். அவளை மல்லாக்கத் திருப்பலாமா என்று கேட்டேன். வேண்டாம், திருப்பினால் உயிர் போகும் என்றாள். நாளைக்கு வண்டி கட்டச் சொல்லு, ஆஸ்பத்திரியில் வலிக்காவது ஊசி போடுவார்கள் என்று அவனிடம் சொன்னாள். பெரட்டுக்கு நிற்பதைப்பற்றி அதற்குப்பிறகு அவள் பேசவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, “முதுகு வெறுமையா இருக்கு. யாராச்சும் கால் வைங்களேன்” என்றாள்.

நான் எழுந்தேன்.

“நீ வேணாம்க்கா. நீ வச்சா மிதிக்கச் சொல்லித்தான் மனசு கேக்கும். நீ வைய்யா.”

அப்பாவு விழித்தான். “நானா?”

“நீ தலையால பொறந்தவன்தானே. ஒங்காலுக்கு ஒன்னும் பலிக்காது. சும்மா வை.”

“கட்டினவ மேல காலை வைக்கிறதா? என்னாடி பேசுற?”

“வைய்யா.”

அவன் என்னைப் பார்த்தான். நான் தண்ணீர்ச் செம்பை எடுத்து நீட்டினேன். வாசலில் போய் இரண்டு காலையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். வந்து, எப்படி வைப்பது என்று தெரியாமல் நின்றான். மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றை இழுத்துப்போட்டு அவனை உட்காரவைத்தேன். பாதத்தை எங்கே வைக்க வேண்டும், கனத்தை எப்படி முழங்காலிலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று காட்டினேன். அதுவரை யாருக்கும் நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிராத வித்தை. அவனுக்கு வெடித்த குதிகால், சேற்றில் ஊறி வெளுத்த விரல்கள். அந்தக் காலை அவள் முதுகின் நடுவில் வைத்தான்.

“குளுந்திருக்கு” என்றாள் அவள்.

வெயில் வாசலிலிருந்து இறங்கிப்போனது. அவள் மூச்சு மெல்ல நிதானமாயிற்று. வலி வந்த நாளிலிருந்து பகலில் அவள் கண் மூடியதே இல்லை என்று அவன் பிற்பாடு சொன்னான். அவன் தொடை நடுங்கத் தொடங்கியதைப் பார்த்து, தூங்கிட்டா, எடுத்துடு என்று ஜாடை காட்டினேன்.

“எடுத்தா முழிச்சுக்குவாக்கா” என்று உதட்டை மட்டும் அசைத்தான்.

சாயங்கால ரயிலுக்கு நேரமாகிவிட்டது. நான் கிளம்பவில்லை. நடுங்குகிற அவன் தொடைக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்துத் தாங்கிக்கொண்டு அந்தத் தரையிலேயே உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை. இத்தனை வருஷத்தில் எத்தனை முதுகை மிதித்திருக்கிறேன். என் காலடியில் ஒருத்தரும் தூங்கியதில்லை.